மேலங்கியைப் பிடித்திருந்த கை

மொன்றியல் தமிழ்க் கத்தோலிக்கர்களிடம் போய்க் கிறகரி என்று கேட்டால் எந்தக் கிறகரி என்று திருப்பிக் கேட்பார்கள். சேவகன் கிறகரி என்றால் சின்னப் பிள்ளையும் வீட்டைக் காட்டும். பெரிய வெள்ளிக்கிழமைத் திருப்பாடுகளின் காட்சியில் பதினான்கு வருடம் விடாமல் இயேசுவைச் சாட்டையால் அடித்தவர் அவர். ஆறடி உயரம், அடர்ந்த மீசை, தெருவில் நின்று கூப்பிட்டால் மூன்றாம் மாடிக்குக் கேட்கும் குரல். அதற்குள் இயேசுவாக நடித்தவர்கள் நான்கு பேர் மாறிவிட்டார்கள். ஒருவர் ரொறன்ரோவுக்குக் குடிபோனார், இன்னொருவருக்கு வயிறு வைத்துவிட்டது. அடிக்கிறவர் மட்டும் மாறவேயில்லை.

ரோமாபுரிக்கே உடுப்புத் தைத்தவரும் அவர்தான். பார்க் எக்ஸ்டென்ஷன் வீட்டில் சாப்பாட்டு மேசையின் பாதியைத் தையல் மெஷின் பிடித்திருந்தது. தரை தேய்க்கும் பிரஷ்சுக்குச் சிவப்புச் சாயம் பூசிப் பழைய சைக்கிள் ஹெல்மெட்டில் ஒட்டினால் நூற்றுவர் தலைவனின் தலைக்கவசம் ரெடி. யாரோ கழித்துவிட்ட திரைச்சீலை பிலாத்துவுக்கு அங்கியாகிவிடும். இப்படி நாற்பது பேருக்கு அளவெடுத்துத் தைக்கிற மனிதர், 2005 நவம்பர் தொடக்கம் தன்னுடைய குளிர் கோட்டுக்கு சேப்டி பின் குத்திக்கொண்டு திரிந்தார். மேலிருந்து இரண்டாவது பொத்தான் இல்லை.

"ஒரு பொத்தான் தைக்க உங்களுக்கு எவ்வளவு நேரம் செல்லும்?" என்று மனைவி புஷ்பராணி கேட்பார்.

"பேந்து பாப்பம்" என்று தள்ளிப்போடுவார் கிறகரி.

அந்தப் பொத்தான் எப்படிப் போனது என்று புஷ்பராணிக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் கேட்டார்.

அவர்களுக்கு ஒரே மகள், பிரஷாந்தினி. புவாண்ட்-கிளேரில் ஒரு மருந்துக் கம்பனி அலுவலகத்தில் வேலை. அந்த வருடம் அவள் ரதீசன் என்கிற கம்ப்யூட்டர் வேலைக்காரப் பையனோடு அங்கேயே ஒரு வீட்டில் குடியேறினாள். ரதீசன் இணுவில் பக்கத்துச் சைவக் குடும்பம். கிறகரி அதையாவது ஒரு மாதிரி விழுங்கியிருப்பார். ஆனால் பிள்ளைகள் இரண்டும் சேர்ச்சும் வேண்டாம், கோயிலும் வேண்டாம், பதிவுக் கலியாணக் கையெழுத்தும் வேண்டாம் என்றுவிட்டார்கள். கியூபெக்கில் பாதிச் சனம் அப்படித்தான் சீவிக்கிறது என்பது கிறகரிக்குத் தெரியாததல்ல. கீழ்வீட்டு லூயியும் அவனுடைய மனுசியும் பதினெட்டு வருடமாக அப்படித்தான் இருக்கிறார்கள், அவர்களுக்கு நத்தாருக்குக் கேக் கொடுப்பதே கிறகரிதான். தன் வீட்டில் நடந்தபோதுதான் தலையில் இடி விழுந்தது.

அதை அவள் மற்றவர்களைப்போல் ஒளித்து வைக்கவில்லை. நவம்பர் ஞாயிறு ஒன்றில், பூசை முடிந்து சனம் மண்டபத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நிற்கும்போது, வாசலில் வந்து நின்று தகப்பனிடம் நேரே சொன்னாள். கிறகரி வெளியே போகத் திரும்பினார். அவள் அவருடைய கோட்டை நெஞ்சோரம் பிடித்துக்கொண்டாள். எல்லாக் கோப்பைகளும் பாதி வழியில் நின்றன. கிறகரி அந்த முகங்களைப் பார்த்தார். பிறகு சாட்டையடிக் காட்சியில் பேசுகிற அதே குரலில் சொன்னார்.

"எனக்கு மகள் எண்டு ஒருத்தி இருந்தவள். அவள் செத்துப்போனாள்."

கோட்டை உதறிக்கொண்டு போய்விட்டார். வீட்டுக்கு வந்து பார்த்தபோதுதான் பொத்தான் இல்லையென்று தெரிந்தது.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் புஷ்பராணி, "செல்வமலர் வீட்டை போட்டு வாறன்" என்று கறிச்சட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு புறப்படுவார். செல்வமலர் இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். புஷ்பராணி திரும்பி வர நான்கு மணித்தியாலம் ஆகும். மேற்கே புவாண்ட்-கிளேருக்குப் போகிற 211 பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று கிறகரிக்கும் தெரியும். இருவரும் அதைப்பற்றி ஒருவரையொருவர் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை.

2006 மார்ச்சில் அவருக்கு வேலை மாறியது. கனடாவுக்கு வந்த முதல் ஆறு வருடம் இறைச்சி ஆலையில் எலும்பு கழற்றியவர். தோள்மூட்டு போய்விட்டதால் காவல் கம்பனி ஒன்றில் சேர்ந்து, கட்டடம் கட்டடமாக நின்றவர். இந்தமுறை நகர மையத்தில் ஒரு அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார்கள். பிரான்சிலிருந்து இரவலாக வந்த பழைய படங்களின் கண்காட்சி, யூன் நடுப்பகுதி வரை.

படக்காவல் ஒரு விசித்திரமான உத்தியோகம். படங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சனத்தின் முகத்தைப் பார்த்து நிற்க வேண்டும். யாராவது கையை நீட்டினால் "மெசியூ, சில் வு ப்ளே" என்று பிரெஞ்சில் பணிவாகத் தடுக்க வேண்டும். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை அறை மாறலாம். இதனால் கிறகரி படங்களை முதலில் முகங்களிலிருந்துதான் படித்தார். பழங்கள் உள்ள அறையில் சனம் கொட்டாவி விட்டது. நான்காம் அறையில் மட்டும், சிரித்துக்கொண்டு நுழைகிறவர்களும் ஓரிடத்தில் வந்ததும் நின்றார்கள். பெண்களில் பலருக்குத் தாங்கள் அறியாமலே கை தொண்டைக்குப் போனது. அப்படி என்னதான் என் முதுகுக்குப் பின்னால் நடக்கிறது என்று மூன்றாம் நாள் கிறகரி திரும்பிப் பார்த்தார்.

ஒரு சுவர் அகலத்துக்குப் படம். ரோமாபுரிச் சந்தை. தூண்கள், படிகள், படிகளின் மேல் நாற்காலியில் கோபமாக எழும்பப் பார்க்கிற ஒரு பெரிய மனிதன். நடுவில் வெள்ளையுடுப்புப் பெண், பதினைந்து வயதுக்கு மேல் இராது, பெண்களின் கைகளில் சாய்ந்து கிடக்கிறாள். அவள் பக்கத்தில் கவசம் போட்ட சேவகன் ஒருவன், கையில் இரத்தக் கத்தி. ஓரத்தில் விறகுக்கட்டுகளைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்கும் வேறு சில ஆட்கள்.

கிறகரிக்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. வெள்ளையுடுப்புக் கன்னிப்பெண், ரோமைச் சேவகன், கத்தி, விறகு. புனித ஆக்னஸ்! அவளை எரிக்க விறகு அடுக்கினார்கள், நெருப்புப் பற்றவில்லை, பிறகு கழுத்தில் வெட்டினார்கள். ஞாயிறு மறைக்கல்வியில் ஒப்பித்துப் பரிசு வாங்கிய கதை அது. படத்தின் கீழே பிரெஞ்சில் பொடி எழுத்தில் ஒரு அட்டை இருந்தது. வாசிக்கிற மூக்குக்கண்ணாடியோ லொக்கரில் இருந்தது. தெரிந்த முகத்துக்கு யாராவது பெயர் கேட்பார்களா? யாரும் பார்க்காத நேரத்தில் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்.

அந்தக் கிழமையே நாடகக் குழுவில் விஷயத்தைப் போட்டார். குழுவின் தலைவர் தேவதாசன், டாக்சி ஓட்டுகிறவர், ஓடுகிற நேரமெல்லாம் வசனம் யோசிப்பவர்.

"யூன் கலைவிழாவுக்கு ஆக்னஸ் போடுவம். உடுப்பு முழுக்க நான் பாத்துக்கொண்டு வாறன். முந்நூறு வருசத்துக்கு முதல் பிரெஞ்சுக்காரன் கீறின படம், பிழை இராது" என்றார் கிறகரி.

"அண்ணை, வெட்டுற சேவகன் ஆர்?"

"இதென்ன கேள்வி?"

அதற்குப் பிறகு நான்காம் அறையில் அவருக்கு வேலையே வேறு. செருப்பு வார் முழங்காலுக்குக் கீழே எத்தனை சுற்று, மேலங்கி எந்தத் தோளில் குத்தப்படுகிறது என்று சனம் இல்லாத நேரங்களில் திரும்பித் திரும்பிப் பார்த்தார். பஸ்ஸில் வரும்போது பயணச்சீட்டின் பின்பக்கத்தில் கீறினார். பார்க்கப் பார்க்க உடுப்பெல்லாம் தெளிந்தது, ஆட்கள்தான் குழம்பத் தொடங்கினார்கள்.

முதலாவது, கத்தி. ஆறு வருடம் எலும்பு கழற்றிய கைக்கு அது தெரியாமல் போகுமா? ஒடுங்கிய அலகு, மரப்பிடி. இறைச்சிக் கடைக் கத்தி. சேவகனின் வாள் அவனுடைய இடுப்பில் சும்மா தொங்குகிறது. வாள் வைத்திருப்பவன் எதற்காக இறைச்சிக் கத்தியைத் தேடுவான்? கிறகரி படத்தை அங்குலம் அங்குலமாகத் தேடி, இடது மூலையில் இருட்டுக்குள் ஒரு இறைச்சிக் கடையைக் கண்டுபிடித்தார். தொங்குகிற தொடை, வெட்டுப்பலகை. பலகையில் கத்தி இல்லை. அன்று முழுக்க அவருக்குக் காற்சட்டைப் பைக்குள் ஏதோ கிடைத்ததுபோல ஒரு சந்தோஷம்.

இரண்டாவது, கண். வெட்டியவனுடைய கண்ணில் தண்ணீர் நிற்கிறது. கத்தியும் பெண்ணை நோக்கி இல்லை, நாற்காலிக்காரனை நோக்கி நீண்டிருக்கிறது. கட்டளை போட்டவனிடமே சேவகனுக்கு என்ன கோபம்?

கூட வேலை செய்த ஹெயிட்டிக்காரரிடம் கேட்டார். அவர் ஐந்தாம் அறைக் காவல். "அவனையும் அறை மாறாமல் நிற்கச் சொல்லியிருப்பார்கள், அதுதான் கோபம்" என்று சொல்லிவிட்டு அவர் சாப்பிடப் போனார்.

கிறகரி தானே விடை கண்டுபிடித்தார். சேவகன் மனந்திரும்பிவிட்டான்! புனிதர்களின் கதையில் அது வழக்கம்தானே. தேவதாசனுக்கு இதைக் கேட்டுப் புல்லரித்துவிட்டது. சேவகன் கத்தியைத் தூக்கி, "என் கண் திறந்தது, கொடுங்கோலனே!" என்று கத்த வேண்டும் என அன்றிரவே எழுதிக்கொண்டு வந்தார்.

மூன்றாவதற்குத்தான் விடை வரவில்லை. விழுந்து கிடக்கிற பெண்ணின் வலது கை சேவகனின் சிவப்பு மேலங்கியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. தள்ளவில்லை. விரல்கள் துணியைச் சுருட்டிப் பிடித்திருந்தன. விசுவாசத்துக்காகச் சாகிற எந்த வேதசாட்சி வெட்டியவனை இப்படிப் பிடித்திருக்கிறாள்? மோட்சத்தைப் பார்க்க வேண்டிய கை இங்கே துணியில் என்ன தேடுகிறது? சாப்பிடும்போதும் கிறகரிக்கு அந்தக் கைதான் நினைவு.

மே கடைசியில் ஒருநாள் புஷ்பராணி சோற்றுக்கோப்பையை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். வழக்கமாக அவர் அப்படி உட்காருவதில்லை.

"ரதீசனுக்குக் கல்கரியிலை வேலை கிடைச்சிட்டுது. யூலை முதலாம் திகதி வீடு மாறீனம். அவளும் போறாள்."

மொன்றியலில் பாதி ஊர் வீடு மாறுகிற நாள் அது. கிறகரி சோற்றைப் பிசைந்தார்.

"ஒருக்கால் போய்க் கதையுங்கோவன். கல்கரி எண்டால் நாலு மணித்தியாலம் பிளேனிலை. பிறகு எங்கை காணுறது? எனக்கும் எத்தனை நாளைக்குச் செல்வமலர் வீட்டை போறன் எண்டு சொல்லலாம்?"

"செத்தவளோடை என்னெண்டு கதைக்கிறது?"

ஊரறியச் சொன்ன சொல் அது, அதை எப்படித் திருப்பி எடுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. புஷ்பராணி கோப்பையை எடுத்துக்கொண்டு போய் ஓசைப்படக் கழுவினார்.

யூன் முதல் கிழமை பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தார்கள். ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகள் இருபத்திரண்டு பேர் நான்காம் அறையில் சப்பணம் கட்டி உட்கார்ந்தார்கள். விளக்கம் சொல்கிற பெண் ஆறுதலான பிரெஞ்சில் பேசினாள். பிள்ளைகளுக்கான பிரெஞ்சு, கிறகரிக்கும் அளவானது. அவர் வழக்கம்போல் படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார், காது மட்டும் அங்கே இருந்தது.

"கத்தி வைத்திருக்கிறவர் யார், சொல்லுங்கள்?"

கொலைகாரன், பொலிஸ், கள்ளன் என்று சத்தம் வந்தது. வேதசாட்சியின் கதை ஒருவருக்கும் தெரியவில்லையே என்று கிறகரி மனதுக்குள் சிரித்தார்.

"இல்லை" என்றாள் அந்தப் பெண். "அவர் இந்தப் பெண்ணின் அப்பா."

கிறகரி திரும்பிவிட்டார். வேலை விதியெல்லாம் மறந்துபோனது.

பெண்ணின் பெயர் வெர்ஜினியா என்றாள் அவள். கிறிஸ்து பிறப்பதற்கு நானூற்றுச் சொச்சம் வருடத்துக்கு முந்திய கதை. நாற்காலியில் இருக்கிற நீதிபதிக்கு அவள்மேல் ஆசை. அவள் தன் ஆளின் அடிமையென்று பொய் வழக்குப் போடவைத்து, அவனுக்கே தீர்ப்பும் எழுதிவிட்டான். தோளில் தடிக்கட்டு வைத்திருக்கிற இவர்கள் அவனுடைய ஏவலாட்கள், அந்தக் கட்டு அதிகாரத்தின் அடையாளம். தகப்பன் படையிலிருந்து ஓடி வந்தார். வழக்குத் தோற்றதும், மகளோடு ஒரு நிமிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கேட்டு, அவளை இறைச்சிக் கடைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். அங்கே கிடந்த கத்தியை எடுத்தார். அவளுடைய மானத்தைக் காப்பாற்ற வேறு வழியில்லை என்று நினைத்தார்.

முன்வரிசையில் முன்பல் விழுந்த சிறுமி ஒருத்தி கையை உயர்த்தினாள்.

"அவர் அவளிடம் கேட்டாரா?"

"எதை?"

"குத்தட்டுமா என்று."

"கேட்டதாகச் சரித்திரத்தில் இல்லை."

"கத்தி கையில் இருந்தது. நீதிபதி அங்கேதானே இருந்தார்" என்றாள் சிறுமி. "அவரையல்லவா குத்தியிருக்க வேண்டும்?"

பிள்ளைகள் சிரித்தார்கள். கிறகரிக்குச் சிரிப்பு வரவில்லை. காவலாட்கள் உட்காரக் கூடாத வாங்கில் உட்கார்ந்துவிட்டார்.

பிள்ளைகள் போன பிறகு லொக்கருக்குப் போய்க் கண்ணாடியை எடுத்துவந்து அட்டையைப் படித்தார். மூன்று மாதம் பக்கத்தில் நின்றும் படிக்காத அட்டை. எல்லாம் அந்தப் பெண் சொன்னபடியே இருந்தது. பிறகு படத்தைப் பார்த்தார். எல்லா முடிச்சும் அவிழ்ந்துவிட்டது. கத்தி ஏன் இறைச்சிக் கத்தி, கண்ணில் ஏன் தண்ணீர். கையும் விளங்கியது. அவள் பிடித்துக்கொண்டிருந்தது கொலைகாரனை அல்ல, அப்பாவின் உடுப்பை. வாசலில் வைத்து ஒருத்தி பிடித்ததும் அதேபோலத்தான்.

வெர்ஜினியாவின் தகப்பனுக்காவது எதிரே ஒரு கொடியவன் இருந்தான் என்று நினைத்தார். தனக்கு எதிரே யார் இருந்தார்கள்? தேத்தண்ணிக் கோப்பையோடு நின்ற இருபது சனம். அவர்களில் பாதிப் பேருக்குத் தன் முழுப்பெயர்கூடத் தெரியாது. அவர்களுக்காகவா அதைச் சொன்னேன்? கிறகரி வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன்னையே அடிக்க ஒரு சாட்டை இருந்தால் நல்லது என்று நினைத்தார்.

அன்று பின்னேரமே தேவதாசனிடம் சொன்னார்.

"அது ஆக்னஸ் இல்லை, தேவதாசன். தகப்பன் மகளை வெட்டின கதை."

"ஐயோ அண்ணை! மூண்டு மாசமாய் ஒத்திகை பாத்தாச்சு. சனத்துக்குத் தெரியவா போகுது? நாங்கள் ஆக்னஸ் எண்டு சொன்னால் ஆக்னஸ்தான்."

"போடு. நல்லாப் போடு. ஆனால் நான் கத்தி பிடிக்கேல்லை. எங்கடை குழுவிலை இருக்கிற கிறிஸ்தோப்பரைப் பிடிக்கச் சொல்லு."

"நீங்கள்?"

"நான் விறகு தூக்கிறன்."

யூன் கடைசி ஞாயிற்றுக்கிழமை, சேவகன் கிறகரி கலைவிழா மேடையில் ஒரு வசனமும் பேசாமல் தடிக்கட்டோடு ஓரத்தில் நின்றார். சனம் தங்களுக்குள் குசுகுசுத்தது. கிறிஸ்தோப்பர் ஐந்தடி நான்கு அங்குலம், சேவகனின் மேலங்கி அவருக்கு நிலத்தில் இழுபட்டது. உடுப்பைக் குறை சொல்ல முடியாது, செருப்பு வார் வரை அச்சொட்டாக இருந்தது.

யூலை முதலாம் திகதி சனிக்கிழமை. முப்பத்தொரு பாகை வெயில். புஷ்பராணி "செல்வமலர் வீட்டை" என்று தொடங்கும்போது கிறகரி அலுமாரியைத் திறந்து குளிர் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"என்னப்பா இது? விசரே?"

"நானும் செல்வமலர் வீட்டை வாறன்."

பஸ்ஸில் எல்லாரும் பார்த்தார்கள். வியர்வை கழுத்துப் பட்டியில் ஓடியது. கழற்றச் சொல்லிப் புஷ்பராணி இரண்டு முறை இழுத்தும் அவர் கழற்றவில்லை. புவாண்ட்-கிளேரில் அந்த வீட்டு வாசலில் லொறி நின்றது. ரதீசன் ஒரு மெத்தையின் அடியில் சிக்கியிருந்தான், ஆளைக் கண்டதும் மெத்தையோடு நின்றுவிட்டான். பிரஷாந்தினி கையில் ஒட்டுநாடாவோடு வெளியே வந்தாள். தகப்பனைப் பார்த்தாள். கோட்டைப் பார்த்தாள்.

பஸ்ஸில் வரும்போது கிறகரி நிறைய வசனம் அடுக்கி வைத்திருந்தார்.

"பொத்தான் ஒண்டு அறுந்துபோச்சு" என்றார். "உன்னட்டைக் கிடக்கோ?"

அவள் ஒட்டுநாடாவை வாசற்படியில் வைத்தாள். பிறகு, "கிடக்கு" என்றாள். "எந்தப் பெட்டிக்குள்ளை எண்டு தெரியேல்லை, அப்பா."

நாற்பத்தெட்டுப் பெட்டி. கிறகரி கோட்டைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டு, ரதீசனிடமிருந்து மெத்தையின் மறுபக்கத்தைத் தூக்கினார். "அங்கிள், தோள்மூட்டு" என்றான் ரதீசன். அவனுக்கு அது எப்படித் தெரியும் என்று கிறகரி மனைவியைப் பார்த்தார். புஷ்பராணி கறிச்சட்டியை அவிழ்ப்பதில் மும்முரமாக இருந்தார். பெட்டியொன்றையும் திறக்க நேரம் இருக்கவில்லை. லொறி புறப்பட்டபோது கிறகரி, "தேடிப் பார்" என்று மட்டும் சொன்னார்.

ஆறு கிழமை கழித்து ஒரு ஞாயிறு பின்னேரம் வீட்டு டெலிபோன் அடித்தது. புஷ்பராணி எடுத்துக் காதில் வைத்துவிட்டு, கிறகரியிடம் நீட்டினார்.

"அப்பா, பொத்தான் கிடைச்சிட்டுது. மிளகாய்த்தூள் போத்தல் வைச்ச பெட்டிக்குள்ளை இருந்தது."

"நல்லதாப் போச்சு. தபாலிலை போட்டுவிடு. விலாசம் தெரியும்தானே?"

"போடமாட்டன்."

"ஏன்?"

"கோட்டைக் கொண்டு இஞ்சை வாங்கோ. நான்தான் அறுத்தது, நான்தான் தைப்பன்."

கிறகரி டெலிபோனைக் காதில் வைத்தபடியே மனைவியின் பக்கம் திரும்பினார்.

"இஞ்சேர், கல்கரியிலை எப்பத் துடங்குறது குளிர்?"